அட்டையில் மனைவிக்கென்று ஒரு கோடு

ஸ்மோர்லினாவில் தோல்பட்டறைக்காரனுக்குப் பெண் கொடுக்க யாரும் சீக்கிரம் முன்வர மாட்டார்கள். நாற்றம்தான் காரணம். சுண்ணாம்புக் குழியில் ஊறிய மாட்டுத்தோலின் வாடை உடம்பில் ஏறிவிட்டால், ஓய்வுநாளுக்கு வெந்நீரில் முங்கி எழுந்தாலும் போகாது. வழிபாட்டுக் கூடத்தில்கூட எங்களுக்குக் கதவோரம்தான் இடம். அப்படிப்பட்ட எங்களைப் பார்த்து ஊரே வயிறெரிந்த ஒரு வாரம் இருந்தது. நாற்பத்தொன்றாம் வருஷம் நவம்பர் மாதம்.

ஊர் என்றால் அப்போது நான்கு தெரு. யூதர்கள் எங்கள் எல்லாரையும் அந்த நான்கு தெருவுக்குள் தள்ளி ஜெர்மன்காரன் வேலி போட்டிருந்தான். ஒரு அறைக்கு மூன்று குடும்பம். எங்கள் அறையில் ஜன்னல் பக்கம் ஜெலிக், அவன் பெண்டாட்டி ப்ரைனா, ஏழு வயது மகள் சோஸ்யா. கதவுப் பக்கம் ஒரு கண்ணாடி வெட்டுகிறவர் குடும்பம் இருந்தது. செப்டம்பரில் அவர்களை லாரியில் ஏற்றிப் போனார்கள். அடுப்புக்குப் பின்னால் நான். நடுவில் சாக்குத்துணித் திரை. திரை கண்ணைத்தான் மறைக்கும், காதை மறைக்காது.

ஜெலிக்கும் நானும் ஒரே பட்டறை. நான் குழியிலிருந்து ஈரத்தோலைத் தூக்கிவந்து அவன் மரத்திண்டின் மேல் போடுவேன். இரண்டு கைப்பிடி உள்ள வளைந்த கத்தியால் அவன் சதையை வழித்தெடுப்பான். தோல் கிழியாமல் சதை மட்டும் வரவேண்டும். அதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. ஜெர்மன்காரன் பட்டாளத்துக்குப் பூட்ஸ் வேண்டும். அதனால் நாங்கள் வேண்டும்.

அந்த வாரம் புது அட்டை அடித்து வந்தது. நீல அட்டை. தோல்பட்டறைக்கு நூற்றெண்பது, கையுறைப் பட்டறைக்கு அறுபது. வெள்ளிக்கிழமை காலை அட்டை உள்ளவர்கள் வேலியைத் தாண்டிப் பட்டறைக்குள் போய்விட வேண்டும், மற்றவர்கள் உள்ளேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு. உள்ளே இருப்பவர்களை என்ன செய்வார்கள் என்று யாரும் கேட்கவில்லை. செப்டம்பரில் மணல்மேட்டுக் காட்டுக்குப் போன லாரிகள் காலியாகத் திரும்பி வந்ததை எல்லாரும் பார்த்திருந்தோம்.

தோல்பட்டறை அட்டையில் வேலைக்காரன் பேர். அதன் கீழே மனைவிக்கென்று ஒரு கோடு. அதற்கும் கீழே பிள்ளைகளுக்கு இரண்டு கோடு. தாய் தகப்பனுக்குக் கோடு கிடையாது. கையுறைப் பட்டறையில் பெண்கள் மட்டும்தான் வேலை. அந்த அட்டையில் அவள் பேர் ஒன்றுதான் உண்டு.

அட்டை பங்குபோடும் வேலையை ஜெர்மன்காரன், எங்கள் ஆட்களை வைத்தே அவன் அமைத்திருந்த சபையின் தலையில் கட்டினான். சபைத் தலைவர் ஐசர், பழைய மரவியாபாரி. இருபது வருஷமாக இடுகாட்டுச் சங்கத்துக்கும் தலைவர். ஊர்ப் பிணத்தையெல்லாம் கழுவிப் புதைத்த மனுஷன். உங்களில் பெரியவன் யார் என்று ஜெர்மன்காரன் கேட்டபோது எல்லாக் கையும் அவர் பக்கம்தான் நீண்டது. பிறகு அவர் வீட்டுப் புகைக்கூண்டில் புகை வந்தால் பொறாமை. அவர் காலில் ரப்பர் மேல்ஜோடு இருந்தால் பொறாமை. அந்த நாற்காலி எனக்கு வந்திருக்க வேண்டியது என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் நாலைந்து பேர்.

ஐசர் செய்த முதல் வேலை, ஒரு கோடும் காலியாகப் போகக்கூடாது என்று முடிவெடுத்தது. நான் கல்யாணம் ஆகாதவன். செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்தபோது தனி ஆள். மத்தியானம் எனக்கு நாற்பத்தைந்து வயதில் ஒரு பெண்டாட்டி, இரண்டு பெண் பிள்ளைகள். கடிகாரக்காரரின் விதவை த்வோஷா. என்னைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "காகிதத்துல மட்டும்தானே?" என்றாள். "வேற எதுக்கு நான் வரப்போறேன்?" என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. வந்திருக்கவும் வேண்டும்.

ப்ரைனாவுக்குக் கையுறைப் பட்டறை அட்டை தனியாக இருந்தது. சோஸ்யா ஜெலிக் அட்டையில். அதனால் ஜெலிக் அட்டையில் மனைவிக் கோடு காலி.

புதன்கிழமை வேலை விட்டு வந்தபோது சேறும் பனியுமாக மழை. ப்ரைனா அடுப்பில் பீட்ரூட்டும் உருளைத்தோலும் வேகவைத்துக்கொண்டிருந்தாள். ஐசர் கதவைத் தட்டிவிட்டு வந்தார். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"உக்காருங்க ரெப் ஐசர்," என்றான் ஜெலிக். ரெப் என்பது எங்களில் பெரியவர்களைக் கூப்பிடுகிற மரியாதை.

"நின்னே சொல்லிடறேன். இன்னும் பதினாறு வீடு போகணும். உன் அட்டையில பெண்டாட்டி கோடு காலியா இருக்கு."

"எழுதிக்குங்க," என்றாள் ப்ரைனா, கரண்டியை எடுக்காமல். "உயிர் போற நேரத்துல யாரு வேண்டாம்பா? யாரு, மாவு மில்காரர் மாமியாரா? அவங்கன்னா தேவலை. பல்லு இல்லை, ரொட்டியும் மிச்சம்."

ஐசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஹென்யா," என்றார்.

"எந்த ஹென்யா?"

அவளுக்குத் தெரியும். ஊரில் இருந்தது இரண்டு ஹென்யா. ஒருத்தி செப்டம்பரில் போய்விட்டாள்.

"காலுறை பின்னுறவ."

கரண்டி சட்டியிலேயே நின்றது.

இதைச் சொல்லவேண்டும். ஜெலிக்கை ஹென்யாவுக்குத்தான் முதலில் நிச்சயம் செய்திருந்தார்கள். இரண்டு தாயாரும் சேர்ந்து மண்தட்டைப் பிடித்து உடைத்து, ஒப்பந்தம் எழுதி, தேன்கேக் பங்குவைத்தாயிற்று. எட்டு மாதம் கழித்து இவன் ப்ரைனாவைப் பார்த்தான். அவ்வளவுதான். எங்களில் கல்யாணத்தை முறித்தால்கூட மன்னிப்பார்கள், நிச்சயத்தை முறிப்பது அதைவிடப் பெரிய அவமானம். முறிக்கிறவன் அந்தப் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும். அவள் சாட்சிகள் முன்னால் மூன்று தடவை மன்னித்தேன் என்று சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் இன்னொரு பந்தல். ஜெலிக் போனான். ஹென்யா கதவைத் திறக்கவில்லை. இவர்கள் காத்திருக்காமல் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். சோஸ்யாவுக்கு முன்னால் ப்ரைனாவுக்கு இரண்டு பிள்ளை தங்கவில்லை. அது ஹென்யாவின் வயிற்றெரிச்சல் என்று குளத்தடியில் துணி துவைக்கிற பெண்கள் பேசினார்கள். ப்ரைனாவும் நம்பினாள்.

"வேற கோடு கிடைக்கலையா உங்களுக்கு?" என்றாள். "நூத்தெண்பது அட்டை இருக்கு. என் வீட்டுக்காரன் கோடுதான் கிடைச்சுதா?"

"காலியா இருந்தது மொத்தம் முப்பத்தொண்ணு. முப்பது ரொம்பியாச்சு. அவளுக்கு வயசு முப்பத்திரண்டு. இந்த நோத்தே அட்டையில போடலாம்னு பார்த்தா, த்வோஷாவுக்கு ரெண்டு பிள்ளை இருக்கு. அந்த மூணு பேரும் ஒரே அட்டையில போகணும்."

நோத்தே நான்தான்.

"ரெப் ஐசர், ஒண்ணு கேக்கறேன். எங்க கல்யாணத்துக்கு நீங்க வந்தீங்களா?"

"வந்தேன்."

"பந்தல் கம்பு ஒண்ணை நீங்கதானே பிடிச்சீங்க? அதுக்கப்புறம் யாராவது நகராட்சிக்குப் போய்ப் பதிவு பண்ணினோமா?"

"யாரு பண்ணினா? நானும்தான் பண்ணலை."

"அதான் சொல்றேன். சர்க்கார் காகிதத்துல நான் இன்னிக்கும் ஷ்மெர்ல் மக. கல்யாணமாகாத பொண்ணு. பன்னிரண்டு வருஷம் இந்தச் சுண்ணாம்பு நாத்தத்தோட படுத்து எந்திரிச்சேன். ஒரு காகிதத்துல, ஒரே ஒரு காகிதத்துல, இவன் பெண்டாட்டின்னு என் பேரு இருக்கா? முதமுதல்ல மனைவின்னு கோடு போட்டு ஒரு காகிதம் வருது. அதுல அவ பேரா?"

"உன்னைத் தள்ளிட்டா எழுதறேன்? உனக்கு உன் கையிலேயே அட்டை இருக்கு. அவளுக்கு எதுவும் இல்லை."

"நீ என்ன சொல்றே?" என்று ஜெலிக்கிடம் திரும்பினாள்.

ஜெலிக் விரல் இடுக்கில் வெடித்திருந்த புண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் என்ன சொல்றது. ஆள் பிழைக்கட்டும்."

"ஆள்! பேரைச் சொல்ல வாய் வரலை பாரு. பேரைச் சொல்லேன்."

"ஹென்யா பிழைக்கட்டும்."

"பாருங்க ரெப் ஐசர்! பன்னிரண்டு வருஷம் கழிச்சும் எப்படி இனிக்க இனிக்கச் சொல்றான் பாருங்க!"

அடுப்புக்குப் பின்னால் நான் சிரித்துவிட்டேன்.

"அங்க என்ன சிரிப்பு? ஒரே நாள்ல ரெண்டு உருப்படிக்கு அப்பனானவனே, உன்னை யாரும் கேக்கலை."

சிரித்தேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் எரிந்தது. ஒருத்தனுக்காக இரண்டு பெண்கள் இப்படி. எனக்கு ஒருத்தி மூக்கைப் பொத்துகிறாள்.

ஐசர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று, "இன்னொண்ணு. வாசல்ல சந்தேகம் வந்தா காவல்காரன் குழந்தையைத்தான் கேப்பான். உங்கம்மா யாருன்னு. சோஸ்யா ஹென்யாவைக் காட்டணும். சொல்லி வையுங்க," என்றார்.

அவர் போனபிறகு ப்ரைனா கரண்டியை எடுத்தாள். சூப்பை ஊற்றினாள். எனக்கும் ஒரு கரண்டி. அப்புறம் மகளை மடியில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"சோஸ்யா, காவல்காரன் கேப்பான். உங்கம்மா பேரு என்ன?"

"ப்ரைனா."

"இல்லை. ஹென்யான்னு சொல்லணும். வெள்ளிக்கிழமை மட்டும். உங்கம்மா பேரு என்ன?"

"ஹென்யா."

"உங்கம்மா எங்கே?"

குழந்தை யோசிக்கவே இல்லை. பக்கத்தில் வெறும் காற்றைக் காட்டி, "இதோ நிக்கறாங்க," என்றாள்.

ஜெலிக் "கெட்டிக்காரி" என்றான். ப்ரைனா குழந்தையை மடியிலிருந்து இறக்கிவிட்டாள்.

"இவ்வளவு சீக்கிரமா கத்துக்கிட்டே?" என்றாள்.

மறுநாள் மத்தியானம் சபை அலுவலகத்துக்கு நானும் போக வேண்டியிருந்தது. த்வோஷா குடும்பத்துக்காகக் கட்டைவிரல் வைக்கவேண்டும். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. பழைய பள்ளிக்கூடம்தான் அலுவலகம். படியெல்லாம் சனம். கோடு கிடைத்தவர்களைக் கிடைக்காதவர்கள் பார்க்கிற பார்வையில் நடக்கக் கால் கூசியது.

உள்ளே ஐசர் மேசை. எதிரே ஹென்யா நின்றிருந்தாள். ஒல்லி, கம்பளிநூல் பின்னிப் பின்னி விரல்நுனி தேய்ந்தவள். நான் விரல் வைத்துவிட்டு மையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ப்ரைனா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பட்டறையிலிருந்து எப்படி வந்தாளோ.

ஹென்யாவைப் பார்த்து, "இந்தா, உனக்கு நான் ஒரு அட்டை தர்றேன்," என்றாள்.

உள்பாடியிலிருந்து நீல அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவளுடைய கையுறைப் பட்டறை அட்டை.

"ப்ரைனா ஷ்மெர்லோவிச்சுன்னு இருக்கு. படம் கிடையாது. நீ ப்ரைனான்னு சொல்லிக்கிட்டுப் போ. பத்து நாள் ஊசி பிடிச்சா கையுறை தைக்கக் கத்துக்குவே. என் வீட்டுக்காரன் கோட்டுல என் பேரு வரட்டும். என் பிள்ளை என்னைத்தான் அம்மான்னு கூப்பிடணும்."

வரிசையில் நின்ற த்வோஷா வாய்விட்டே சொன்னாள். "பைத்தியமாடி உனக்கு? சொந்தக் கையில, சொந்தப் பேருல அட்டை இருக்கு. அதைக் குடுத்துட்டு ஆம்பளை அட்டையில தொங்கப்போறியா? அவனுக்கு நாளைக்கு ஜுரம் வந்தா நீயும் போச்சு, பிள்ளையும் போச்சு."

"எனக்கு ஜுரம் இப்பவே வந்தாச்சு," என்றாள் ப்ரைனா.

ஐசர் அட்டையைத் தொடவில்லை. ப்ரைனாவைப் பார்த்தார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்றால், நிப்பில் மை காய்ந்து, திரும்ப முக்கவேண்டி வந்தது.

"நல்லா யோசிச்சியா?"

"யோசிக்கலை."

"சரி," என்றார். பிறகு ஹென்யாவிடம், "என்கிட்ட வேற ஒண்ணும் இல்லைம்மா. கையுறை வரிசைதான். என் மக ராயாவும் அதே வரிசையிலதான் நிக்கப்போறா," என்றார்.

ஹென்யா அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "முதல்ல என் மாப்பிள்ளையை எடுத்துக்கிட்டே. இப்ப உன் பேரைக் குடுக்கறே. எனக்குன்னு புதுசா எதுவுமே கிடையாதா?" என்றாள். சிரித்தமாதிரிதான் இருந்தது.

"பேரு வேணும்னா எடுத்துக்க. ஆனா ஒண்ணு குடுத்துட்டுப் போ. பன்னிரண்டு வருஷமா பாக்கி."

"அது என்ன?"

"தெரியாதமாதிரி கேக்காதே. ரெப் ஐசர் சாட்சி, இந்த நோத்தே சாட்சி. மூணு தடவை சொல்லு."

ஹென்யா அட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். "உயிருக்கு விலையா மன்னிப்பு கேக்கறியா? கடையில வாங்கற சாமான் இல்லை அது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஐசர் ஜெலிக் அட்டையை எடுத்து மனைவிக் கோட்டில் எழுதினார். ப்ரைனா எட்டிப் பார்த்தாள். மை காயும்வரை ஊதினாள். அப்படி ஒரு முகத்தை அவள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது முதல் பனி விழுந்திருந்தது. வேலி வாசலில் இரண்டு வரிசை. இடது பக்கம் தோல்பட்டறைக் குடும்பங்கள், வலது பக்கம் கையுறைப் பெண்கள். நடுவில் ஒரு கை நீட்டினால் எட்டுகிற தூரம். எனக்கு முன்னால் ஜெலிக் குடும்பம். என் கையைப் பிடித்துக்கொண்டு த்வோஷா, அன்றைக்கு மூக்கைப் பொத்தவில்லை. வாசலில் காவல்காரர்களோடு ஐசர், கையில் பெயர்ப்பட்டியல்.

ஹென்யா எங்களுக்கு நேராக வந்து நின்றாள். சோஸ்யாவைப் பார்த்து, "உங்கம்மா பேரு என்ன?" என்று கேட்டாள்.

குழந்தை குழம்பிப்போய், "ஹென்யா," என்றது.

ப்ரைனாவின் முகம் சுருங்கியது. ஹென்யாவுக்கு அது போதும்போல இருந்தது. கையுறை போட்ட கையை நீட்டிக் குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள்.

"இல்லைடி கண்ணு. உங்கம்மா ப்ரைனா. நானும் இன்னிக்கு ப்ரைனா. ஊர்ல ரெண்டு ப்ரைனா, ரெண்டு பேரும் அதே கிறுக்கு."

வரிசை நகர்ந்தது. ப்ரைனா மெதுவாக, "காலுக்கு என்ன போட்டிருக்கே? அங்க தரை ஈரமா இருக்கும். ஜன்னலோரம் உக்காராதே, காத்து அடிக்கும். மேஸ்திரி கத்தினா பதில் பேசாதே," என்றாள்.

"சரிங்க ப்ரைனா அம்மா."

இன்னும் நாலு அடி. வாசலில் அட்டையைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

ஹென்யா நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மன்னிச்சேன்."

ப்ரைனா திரும்பினாள்.

"மன்னிச்சேன்," என்றாள் மறுபடியும். ஜெலிக் தலையைக் குனிந்துகொண்டான்.

"மூணாவது?"

"மூணாவது சாயங்காலம். வேலை விட்டு வந்து உன் வீட்டுல ஒரு கிண்ணம் சூப் குடிச்சுட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் உனக்குக் கொஞ்சம் எரியட்டும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பொம்பளைகள் சிரித்ததற்குக் காவல்காரன் அதட்டினான்.

தோல்பட்டறை வரிசை போய்க்கொண்டே இருந்தது. ஜெலிக் அட்டையைக் காட்டினான். காவல்காரன் மூன்று பேரையும் எண்ணினான். குழந்தையை ஒன்றும் கேட்கவில்லை. நானும் என் மூன்று பேரும் தாண்டினோம். அப்போதுதான் ஜெர்மன்காரன் ஒருத்தன் மோட்டாரிலிருந்து இறங்கிவந்து ஐசரிடம் இரண்டு வார்த்தை சொன்னான். கையுறை போதும், கிடங்கு நிறைந்துவிட்டது. அந்த அட்டை செல்லாது. வலது பக்க வரிசையை அப்படியே திருப்பி உள்ளே ஓட்டினார்கள். அறுபது பெண்கள். ஹென்யாவின் முதுகைத்தான் பார்த்தேன். ஐசரின் மகள் ராயா இரண்டு தடவை அப்பா என்று கூப்பிட்டாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பனி அவர் வழுக்கைமேல் விழுந்தது. பட்டியல் அவர் கையில்தான் இருந்தது.

கையுறை அட்டை செல்லாமல் போகும் என்று அவருக்கு முந்தினநாளே தெரியும் என்று பிற்பாடு சொன்னவர்கள் உண்டு. அவர்களிடம் நான் ராயாவைச் சொல்வேன். தெரியவே தெரியாது என்றவர்களிடம் மை காய்ந்த பேனாவைச் சொல்வேன். எனக்கு அதற்குமேல் தெரியாது. மறுநாள் அவர் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அதற்கு அப்புறம் அந்த நாற்காலிமேல் யாருக்கும் பொறாமை இருக்கவில்லை.

அன்று முழுக்கப் பட்டறையில் எங்களைப் பூட்டிவைத்திருந்தார்கள். பெண்டு பிள்ளைகள் தோல் பதனிட வைத்திருந்த காய்ந்த மரப்பட்டை மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். லாரிச் சத்தம் மத்தியானம்வரை கேட்டது. ஜெலிக் ஒரு தோலைக் கிழித்தான். வாழ்நாளில் அவன் கிழித்து நான் பார்த்த ஒரே தோல் அது. ப்ரைனா ஒரு மூலையில் விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு. அங்கேயே நிறுத்துவாள். திரும்ப ஆரம்பிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை, வெள்ளியன்று போனவர்களின் பெயர்களைச் சபைச் சுவரில் ஒட்டினார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் சத்தமாகப் படித்தார்கள். ஹென்யா பேர் அதில் இல்லை. ப்ரைனா ஷ்மெர்லோவிச் பேர் இருந்தது. கீழ்த்தெருப் பெண்கள் இரண்டு பேர் அதைக் கேட்டுவிட்டு, துக்கம் விசாரிக்க ஒரு பிடி பார்லியோடு வந்து கதவைத் தட்டினார்கள். திறந்தது ப்ரைனா.

வந்தவர்களில் ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நீ இருக்கியா?" என்றாள்.

"நான் இருக்கேன். அவ போயிட்டா," என்றாள் ப்ரைனா. பார்லியை வாங்கிக்கொள்ளவில்லை.

அவர்கள் போனபிறகு சட்டியிலிருந்து சூப் ஊற்றினாள். ஜெலிக்குக்கு, குழந்தைக்கு, எனக்கு. நாலாவதாக ஒரு கிண்ணம் எடுத்து அதிலும் ஊற்றி ஜன்னலோரம் வைத்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, ஜன்னலோரத்திலிருந்து எடுத்துக் காற்றுப் படாத இடமாக அடுப்புப் பக்கம் மாற்றிவைத்தாள். தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. சாக்குத்திரையை விலக்கி என் பக்கம் வந்து நின்றாள்.

"நோத்தே, நீ பின்னாலதானே நின்னே. எத்தனை தடவை சொன்னா?"

ஜெலிக் திரைக்கு அந்தப் பக்கம் சாப்பிடுவதை நிறுத்தினான்.

"மூணு," என்றேன்.

"பொய் சொல்றே. நான் எண்ணினேன்."

நான் கிண்ணத்துக்குள் பார்த்தேன். அவள் போகவில்லை. அடுப்பில் ஈரவிறகு சீறிக்கொண்டிருந்தது.

"எத்தனை தடவை?" என்று மறுபடியும் கேட்டாள்.

"மூணு, ப்ரைனா."

"சரி," என்றாள். "நாளைக்கும் கேப்பேன். மாத்திச் சொல்லிடாதே."